பாசிக்குள்ளே ஒரு ஊர்

இறாலும் நண்டும் நமக்கு நல்லாத் தெரியும். ஆனால் எறும்பைவிடச் சின்னதாக அவற்றுக்குச் சொந்தக்காரர்கள் இருப்பது உங்களுக்குத் தெரியுமா? கடல்மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில், தண்ணீரைச் சுத்தம் செய்யும் பாசிக்குள் அவை கூட்டமாகக் குடியிருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

பாசி எப்படிச் சுத்தம் செய்யும்?

மீன் தின்றால் கழிவு விடும். கழிவிலிருந்து அமோனியா வரும். அது மீனுக்கு விஷம். பாக்டீரியாக்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தண்ணீரில் சேர்ந்துகொண்டே போகும். வயலுக்குப் போடும் உரத்தில் இருப்பதும் இதே சத்துகள்தான். அப்படியானால் பாசிக்கு இது விருந்து!

அதனால் சொரசொரப்பான ஒரு வலையைத் தொங்கவிட்டு, அதன் மேல் தொட்டித் தண்ணீரை வழியவிட்டு, பக்கத்தில் விளக்குப் போடுவார்கள். வலையில் பாசி முளைத்துச் சத்தை உறிஞ்சும். வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாசியைச் சுரண்டி வெளியே போடுவார்கள். சத்தும் அதோடு போய்விடும். மறுபடி முளைக்கக் கொஞ்சம் விட்டுவைப்பார்கள்.

இந்த முறைக்கு 1982-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் வால்டர் ஏடி. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் விஞ்ஞானி. பவளப்பாறைகளில் புல்தரை மாதிரி குட்டையாக வளரும் பாசியைக் கவனித்ததால் வந்த யோசனை இது. 1987-ல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் திறந்த பெரிய பவளப்பாறைத் தொட்டியிலும் முதலில் பாசி வடிகட்டியே வைத்தார்கள்.

குடியிருப்பவர்கள் யார்?

முக்கியமாக இரண்டு பேர்.

1. கோப்பிபாட்: ஒரு மில்லிமீட்டர் அளவுதான். பல வகைகளுக்குத் தலை நடுவில் ஒரே ஒரு கண். தாய் முட்டைகளைப் பையாக வால் பக்கம் சுமக்கும். குஞ்சு தாய் மாதிரியே இருக்காது. பொதுவாக 11 தடவை தோல் உரித்த பிறகுதான் பெரியதாகும். நுண்பாசியையும் படிந்த அழுக்கையும் தின்னும்.

2. ஆம்பிபாட்: இது சில மில்லிமீட்டர் இருக்கும். உடம்பு இரண்டு பக்கமும் அமுக்கியது மாதிரி தட்டை. அதனால் வெளியே எடுத்தால் ஒருக்களித்துப் படுத்துத் துள்ளும். தாய் முட்டைகளை நெஞ்சுக்கு அடியில் ஒரு பையில் வைத்திருக்கும். குஞ்சு பிறக்கும்போதே குட்டித் தாய் மாதிரி இருக்கும். இது இழைப்பாசியையும் மேயும்.

நண்பனா, எதிரியா?

பல நாள் சுரண்டாமல் விட்டால் ஆம்பிபாட் பெருகி, ஆடு புகுந்த தோட்டம் மாதிரி வலையில் அங்கங்கே சொட்டை விழும். தின்ற பாசி கழிவாகித் திரும்பத் தண்ணீருக்கே வரும். அப்புறம் சுத்தம் எங்கே நடக்கும்? அப்படியானால் இவற்றை ஒழித்துவிடலாமா?

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடை ஒன்றில் என் சித்தப்பா வேலை பார்க்கிறார். போன மே விடுமுறையில் அங்கே போயிருந்தேன். அவர் வலையை எடுத்ததும் நேரே சுரண்டவில்லை. ஒரு வாளியில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, அதில் வலையை நன்றாக அலசினார். அந்தத் தண்ணீரைத் திரும்பத் தொட்டியிலேயே ஊற்றினார்.

“குழாய்த் தண்ணியில அலசினா சீக்கிரம் முடியுமே சித்தப்பா?” என்று கேட்டேன்.

“அதுல உப்பு இல்லம்மா. முக்கால்வாசி செத்துடும். அப்புறம் இதுக்கு யாரு சோறு போடுறது?” என்று ஒரு மீனைக் காட்டினார். மாண்டரின் மீன். நீல உடம்பில் ஆரஞ்சு கோடு கோடாக, அவ்வளவு அழகு! நாள் முழுக்கப் பாறையைக் கொத்திக் கொத்திக் கோப்பிபாட் தின்னும். இந்த இனத்தில் பல மீன்கள் உருண்டைத் தீவனத்தைத் தொடாது. அங்கே முன்பு இருந்த ஒன்று அப்படித்தான் வயிறு ஒட்டிப்போய்ச் செத்துப்போச்சாம்.

உப்பு இல்லாவிட்டால் ஏன் சாகின்றன? கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதில் வாழும் உயிரைத் திடீரென நல்ல தண்ணீரில் போட்டால், சவ்வூடு பரவலால் தண்ணீர் உடம்புக்குள் புகுந்து வீங்கிவிடும். ஆம்பிபாட் அளவுக்கு மீறிப் பெருகினால் மட்டும் சிலர் வேண்டுமென்றே குழாய்த் தண்ணீரில் அலசுவார்களாம். ஆக, தேவைக்குத் தகுந்தபடி தண்ணீரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எப்படி அலசினாலும் பாசியை நாள் தவறாமல் சுரண்டுவதை நிறுத்தக் கூடாது.

நீங்களும் பாருங்கள்!

கோப்பிபாட்டின் நன்னீர் உறவு நம் ஊர்க் குளத்திலும் உண்டு. பெயர் சைக்ளாப்ஸ். குளத்துத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெள்ளைப் புள்ளி ஒன்று விட்டு விட்டுத் துள்ளினால், அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். வால் பக்கம் இரண்டு பை தெரிந்தால் அது முட்டை சுமக்கும் தாய். பார்த்து முடித்ததும் மறக்காமல் குளத்திலேயே விட்டுவிடுங்கள்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி