புழு மருந்தும் பெருங்குடற் புற்றுநோயும்

ஒரு நோய்க்கெனக் கண்ட மருந்து பிறிதொரு நோய்க்கு உதவுதல் மருத்துவ வரலாற்றிற் புதுமையன்று. பழைய மருந்தின் நச்சுத்தன்மையும் கொடுக்கத்தகும் அளவும் முன்னரே தெரிந்திருத்தலால், புதிய மருந்து தேடுவதிலும் இவ்வழி எளிதென்பர். அவ்வழியிலும் இடர் உண்டென்பதற்கு லெவமிசோல் சான்றாகும்.

பெல்ஜிய நாட்டு ஜான்சன் ஆய்வுகூடத்தார் 1966ஆம் ஆண்டளவில் வெளியிட்ட புழுமருந்தினின்றும் பிரித்தெடுக்கப்பட்டது இது. குடலில் வாழும் வட்டப்புழுவின் தசைகளை இஃது இறுகச் செய்கின்றது. பற்றிழந்த புழுவைக் குடல் தானே வெளியே தள்ளிவிடும். மனிதருக்கும் ஆடுமாடுகளுக்கும் இது பெரிதும் பயன்பட்டது.

1971இல் பிரான்சு தேசத்து ரெனூ என்பார், எலிகளுக்கு இடும் ஒருவகைத் தடுப்பூசியின் ஆற்றலை இம்மருந்து பெருக்குவதாக அறிவித்தார். உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுமாயின் புற்றுநோயையும் இஃது எதிர்க்குமன்றோ என ஆராய்ச்சியாளர் எண்ணினர். பலவகைப் புற்றுநோய்களில் இதனைச் சோதித்தனர். முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன.

அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் மோர்ட்டெலும் அவர்தம் குழுவினரும் 1990 பெப்ருவரியில் வெளியிட்ட ஆய்வே திருப்புமுனையாயிற்று. பெருங்குடற் புற்று நிணநீர்க் கணுக்கள்வரை பரவிய நோயாளருக்குச் சத்திரசிகிச்சை செய்தபின்னும் நோய் மீளுதல் அந்நாளிற் பெருங்கவலையாய் இருந்தது. அத்தகையோர் 929 பேர் மூன்று பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்குச் சத்திரசிகிச்சைக்குப்பின் மருந்தில்லை. மற்றொன்றுக்கு லெவமிசோல் மட்டும். மூன்றாவதற்கு லெவமிசோலுடன் புளோரோயூராசில். கடைசிப் பிரிவில் நோய் மீளுதல் நூற்றுக்கு 41 வீதமும் இறப்பு 33 வீதமும் குறைந்தன. லெவமிசோல் மட்டும் பெற்றோர்க்குக் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. அவ்வாண்டிலேயே அமெரிக்க அரசு இக்கூட்டு மருந்தை அங்கீகரித்தது.

ஈண்டுக் கூர்ந்து நோக்கற்பாலது ஒன்றுண்டு. புளோரோயூராசில் மட்டும் பெற்ற நான்காம் பிரிவு அவ்வாய்வில் இல்லை. வெங்காயப் பாத்திக்கு ஆட்டெருவையும் சாம்பலையும் ஒருங்கே இட்ட கமக்காரன், விளைச்சலைக் கண்டு சாம்பலைப் புகழ்தல் தகுமா? சாம்பல் மட்டும் இட்ட பாத்தி வாடியதையும் அவன் கண்டிருக்கிறான். எரு மட்டும் இட்ட பாத்திதான் இல்லை. புளோரோயூராசிலைத் தனியே கொடுத்த முந்திய ஆய்வுகள் பெரும்பயன் காட்டாமையால் அப்பிரிவு வேண்டாதது எனத் தோன்றியிருக்கலாம். நல்ல ஆய்வாளர்க்கும் நேரக்கூடிய குறை இது. ஆயினும் குறை குறையே.

இதற்கிடையில் விலைபற்றிய வழக்கெழுந்தது. செம்மறியாட்டுக்குச் சில டொலருக்குக் கிடைத்த அதே பொருள், புற்றுநோயாளர்க்கு ஆண்டொன்றுக்கு ஆயிரம் டொலருக்கும் மேலாக விற்கப்பட்டது. இதனை 1992இல் வெளிப்படையாகக் கண்டித்தவர் மோர்ட்டெலே. ஆராய்ச்சிச் செலவை உற்பத்தியாளர் காரணங் காட்டினர். ஆனால் அம்மருந்தைப் புற்றுநோயிற் சோதித்த பெருஞ்செலவு அரசின் தேசிய புற்றுநோய் நிறுவனத்தினது என்பது மோர்ட்டெலின் வாதம். நோயாளர் பக்கம் நின்று நோக்குவார்க்கு அவ்வாதமே வலிதாகத் தோன்றும்.

விடுபட்ட வினாவுக்கு விடை பத்தாண்டுகளின் பின் வந்தது. குவாசார் எனும் பிரித்தானிய ஆய்வு, 2000ஆம் ஆண்டில் வெளியானது. அதிற் பங்குகொண்டோர் 4,927 பேர். யாவர்க்கும் புளோரோயூராசிலும் போலினிக் அமிலமும் கொடுக்கப்பட்டன. அவருட் பாதிப்பேர் லெவமிசோலும், ஏனையோர் மருந்தற்ற போலிமாத்திரையும் பெற்றனர். மூன்றாண்டின் முடிவில் உயிருடனிருந்தோர் முன்னையவருள் நூற்றுக்கு 69.4, பின்னையவருள் 71.5. புழுமருந்தாற் பயனேதும் விளையவில்லை. பயன் தந்தது புளோரோயூராசிலே என்பது தெளிவாயிற்று. வெள்ளணுக்களை அபாயமாகக் குறைக்கும் குணமும் லெவமிசோலுக்குண்டு. அமெரிக்கச் சந்தையினின்றும் அது 2000ஆம் ஆண்டளவில் மீட்கப்பட்டது. ஆடுமாடுகளுக்குப் புழுமருந்தாக அஃது இன்றும் வழங்குகின்றது. புளோரோயூராசிலோ வேறு மருந்துகளோடு சேர்ந்து பெருங்குடற் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் நிலைத்துள்ளது.