வீட்டுக்கு எத்தனை லிட்டர் விறகு பாய்லர் வேண்டும்? பெரிசா வாங்கினால் தினமும் விறகு வீண்!

ஊட்டி:

நீலகிரியில் உறைபனி விழத் தொடங்கினால் வெந்நீர் இல்லாமல் குளியல் இல்லை. பாத்திரக் கடைகளில் விறகு பாய்லர் விசாரிப்பும் சூடு பிடித்துவிடும். "அஞ்சு பேர் இருக்கோம், பெரிசா ஒண்ணு குடுங்க" என்று 100 லிட்டர் பாய்லரை வீட்டுக்குத் தூக்கி வருபவர்கள் உண்டு. செலவே அங்கேதான் ஆரம்பிக்கிறது. பாய்லருக்கு ஒரு தடவைதான் காசு. விறகுக்குத் தினமும் காசு.

ஆளுக்கு 9 லிட்டர்

குளிக்கும் தண்ணீர் 40 டிகிரி சூடு இருந்தால் போதும். பாய்லர் தண்ணீர் 70 டிகிரி வரை காயும். பனிக்காலத்தில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் பக்கெட்டில் 9 லிட்டர் வெந்நீரும் 11 லிட்டர் பச்சைத் தண்ணீரும் கலந்தால் இதமான சூடு வந்துவிடும்.

ஆக, ஆளுக்கு ஒரு பக்கெட் என்றால் 5 பேருக்கு 45 லிட்டர் வெந்நீர். 50 லிட்டர் பாய்லர் தாராளம். ஆளுக்கு 2 பக்கெட் ஊற்றுகிற வீடாக இருந்தால் மட்டுமே 100 லிட்டர் தேவை. சேலம், ஈரோடு போன்ற ஊர்களில் தண்ணீர் அவ்வளவு குளிர்ந்து இருக்காது. அங்கே பக்கெட்டுக்கு 6 லிட்டர் வெந்நீரே போதும்.

மாதம் 75 கிலோ மிச்சம்

காய்ந்த விறகின் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போகிறது என்று கணக்கு வைத்தால், 50 லிட்டர் காய சுமார் 2½ கிலோ விறகு வேண்டும். 100 லிட்டருக்கு 5 கிலோ. தேவையில்லாமல் பெரிய பாய்லர் வைத்தால் மாதம் 75 கிலோ விறகு கூடுதலாக எரியும். மீதி வெந்நீர் ராத்திரியில் ஆறிப்போகும்.

"பெரிசுல பாதி தண்ணி ஊத்திக்கலாமே?" என்று கேட்கலாம். அதுதான் முடியாது. மேலே புனலில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மூக்கு வழியாக வெந்நீர் வருகிற பாய்லரில், முழுசாக நிரப்பினால்தான் தண்ணீரே வெளியே வரும். குழாய் வைத்த பாய்லரில் பாதி ஊற்றினால், நடுவில் உள்ள நெருப்புக் குழாயின் மேல்பகுதி தண்ணீர் இல்லாமல் காய்ந்து இணைப்பு விட்டுப்போகும்.

விருந்தாளி வந்தால்?

தீபாவளி, பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் வருவார்களே என்று பெரிசு வாங்க வேண்டாம். வெந்நீர் எடுக்க எடுக்கப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, நாலு விறகு சேர்த்து வைத்தால் அடுத்தவருக்குக் காய்ந்துவிடும். இரண்டு நாள் காத்திருந்து குளிப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

உயிருக்கே ஆபத்து

அளவு சரியாக இருந்தாலும் வைக்கும் இடம் தப்பாக இருந்தால் ஆபத்து. விறகும் கரியும் சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை நின்று வெறும் தணல் இருக்கும்போதும் வரும். குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துவிட்டு, பாய்லர் எரியும் அறையிலேயே குளிக்கக் கூடாது. தலைவலி, தலைசுற்றல், வாந்தி வந்தால் உடனே வெளியே காற்றோட்டத்துக்கு வந்துவிட வேண்டும். யாராவது மயங்கினால் 108-க்குப் போன் செய்யுங்கள்.

புகைக்குழாய் கூரைக்கு மேலே போக வேண்டும். ஆவி போகும் வாயை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். வழி இல்லாவிட்டால் பாய்லர் வெடிக்கும். தண்ணீர் ஊற்றாமல் பற்ற வைப்பதும் கூடாது.

கடைக்குப் போகும் முன்

* வீட்டில் எத்தனை பேர், காலையில் எத்தனை பக்கெட் என்று எண்ணுங்கள். பக்கெட்டை 9-ஆல் பெருக்குங்கள். அதற்கு அடுத்த அளவு பாய்லர் போதும்.

* 50 லிட்டர் தண்ணீரே 50 கிலோ. பாய்லர் எடை தனி. ஆடாத கல் தரையில் வையுங்கள்.

* சீகை, கற்பூர மர விறகைப் பிளந்து, நன்றாகக் காய வைத்து எரியுங்கள். ஈர விறகு புகையும், தண்ணீர் காயாது.

* சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் வெந்நீர் மூக்கு கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். 70 டிகிரி தண்ணீர் ஒரு நொடி பட்டாலே தோல் வெந்துவிடும்.