எள் கேட்டால் எண்ணெய்

சொன்னதற்கு மேல் செய்துவைக்கும் ஏ.ஐ. ஏஜென்ட்டுகளுக்கு எல்லைக்கோடு போடும் முயற்சிகள் தொடங்கிவிட்டன.

உத்தரவு தெளிவாகத்தான் இருந்தது: எதையும் தொடாதே. அதுவும் ஒரு முறையல்ல, பல முறை, பெரிய எழுத்துகளில். 2025 ஜூலையில் அமெரிக்கத் தொழில்முனைவர் ஜேசன் லெம்கின், ரெப்ளிட் என்ற கம்பெனியின் ஏ.ஐ. ஏஜென்ட்டைக் கொண்டு ஒரு மென்பொருளை உருவாக்கிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது நாள் பார்த்தால் டேட்டாபேஸ் காலி. 1,206 நிர்வாகிகளையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளையும் பற்றிய நிஜத் தகவல்கள் துடைத்தெறியப்பட்டிருந்தன. விசாரித்தபோது, பதறிப்போய் அனுமதியில்லாமல் கட்டளையை இயக்கிவிட்டதாக ஏஜென்ட் ஒப்புக்கொண்டது. போனதை மீட்கவே முடியாது என்றும் அடித்துச் சொன்னது. அதுவும் தப்பு. லெம்கின் முயன்று பார்த்தார், தகவல்கள் திரும்பக் கிடைத்தன.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு நிற்கும் மென்பொருளுக்குக் கை முளைத்தால் அதுதான் ஏஜென்ட். அது ஃபைலைத் திறக்கும், மெயில் அனுப்பும், புரோகிராம் எழுதி இயக்கும். ஒன்று முடிந்ததும் அடுத்தது என்ன என்பதையும் அதுவே தீர்மானிக்கும். எள் என்றால் எண்ணெயாக நிற்கும் வேலையாளை யாருக்குத்தான் பிடிக்காது? விதைக்கு வைத்திருந்த எள்ளையும் சேர்த்துச் செக்கில் போட்டுவிட்டது தெரியவரும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஒரு சோதனை இதில் சுவாரஸ்யமானது. கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு கற்பனைக் கம்பெனியை உருவாக்கி, அன்றாட அலுவலக வேலைகளை ஏஜென்ட்டுகளிடம் ஒப்படைத்தார்கள். முதலிடம் பிடித்த ஏஜென்ட்கூட முழுமையாக முடித்தது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வேலைகளைத்தான். இன்னொரு சம்பவம் அதைவிட வேடிக்கை. விவரம் கேட்க வேண்டிய நபர் அலுவலக சாட்டில் அகப்படவில்லை. ஏஜென்ட் அசரவில்லை. அங்கே இருந்த வேறொருவரின் பெயரை அந்த நபரின் பெயராக மாற்றிவிட்டது! அலுவலகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கும் தோன்றாத குறுக்குவழி.

நீண்ட வேலை ஏன் ஆபத்து என்பதற்குச் சாதாரணக் கணக்கே போதும். ஒவ்வொரு படியையும் நூற்றுக்கு 95 முறை சரியாகச் செய்கிற ஏஜென்ட், ஐந்து படிகள் கொண்ட வேலையைப் பிழையின்றி முடிக்கும் வாய்ப்பு 77 சதவீதம். இருபது படிகள் என்றால் 36 சதவீதம். இடையில் யாராவது பார்த்துத் திருத்தாவிட்டால் மூன்றாவது படியில் நேர்ந்த தவறின் மேல்தான் மற்ற பதினேழு படிகளும் கட்டப்படும். ஏ.ஐ.யின் திறனை அளக்கும் மீட்டர் என்ற அமைப்பு 2025 மார்ச்சில் சொன்னதும் இதற்கு ஒத்துப்போகிறது. மனித நிபுணர் நான்கு நிமிடத்துக்குள் முடிக்கிற வேலைகளில் அன்றைய சிறந்த மாடல்கள் அநேகமாகத் தவறவே இல்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிற வேலைகளிலோ வெற்றி 10 சதவீதத்துக்கும் கீழே. சமாளிக்கக்கூடிய வேலையின் நீளம் சுமார் ஏழு மாதங்களுக்கு ஒரு முறை இரட்டிப்பாகி வந்திருப்பதாகவும் அதே ஆய்வு கண்டது. ஆனால் திறமை கூடக்கூட, தப்பு நடந்தால் ஏற்படும் சேதமும் பெரிதாகும்.

அதனால் வேலையைச் சின்னதாக நறுக்கிக் கொடுப்பது முதல் பாடம். "வாடிக்கையாளர் புகார்களைக் கவனித்துக்கொள்" என்று மொட்டையாகச் சொன்னால் ஏஜென்ட் எதையும் செய்யலாம். "இன்று வந்த மெயில்களில் பணம் திரும்பக் கேட்பவற்றைப் பிரித்து, பதில் எழுதி வை, அனுப்பாதே" என்பது வேலை. ஆனால் 'அனுப்பாதே' என்பதும் வெறும் சொல்தானே? லெம்கின் பெரிய எழுத்தில் சொன்னதும் சொல்தான். அனுப்பும் உரிமையையே கொடுக்காமல் விட்டால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இதில் இன்னொரு லாபமும் உண்டு. வெளியிலிருந்து வரும் மெயிலுக்குள் யாராவது விஷமத்தனமாக ஒரு கட்டளையை ஒளித்துவைத்தால், அது எஜமானர் சொன்னதா எதிராளி சொன்னதா என்று ஏஜென்ட்டுகளுக்கு நிச்சயமாகப் பிரித்தறியத் தெரிவதில்லை. கையில் சாவி இல்லையென்றால் ஏமாந்தாலும் கதவு திறக்காது.

கம்ப்யூட்டர் உலகுக்கு இது புதிய ஞானம் அல்ல. வேலைக்குத் தேவையான குறைந்தபட்ச அதிகாரத்தை மட்டுமே கொடுக்க வேண்டும் என்று ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975லேயே எழுதிவிட்டார்கள். ரெப்ளிட்டும் கடைசியில் அந்த வழிக்குத்தான் வந்தது. அதன் தலைவர் அம்ஜத் மசாத் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சோதனை டேட்டாபேஸும் நிஜ டேட்டாபேஸும் இனி தானாகவே தனித்தனியாக இருக்கும் என்று அறிவித்தார். உபதேசம் போய்ப் பூட்டு வந்தது.

இந்தியாவில் விஷயம் பாக்கெட்டைத் தொட்டிருக்கிறது. சாட்ஜிபிடியுடன் பேசியபடியே பொருள் வாங்கி யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்தும் சோதனைத் திட்டத்தை தேசிய பேமென்ட்ஸ் கழகமும் ரேசர்பேயும் ஓப்பன்ஏஐயும் 2025 அக்டோபரில் அறிவித்தன. இதற்குக் கைகொடுப்பது 'ரிசர்வ் பே' வசதி. ஒரு கடைக்கென்று ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கிவைத்தால், செலவு அதைத் தாண்டாது. மளிகைக்கடைக்கு அனுப்பும் பையனிடம் பர்ஸைக் கொடுக்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்கும் அதே வீட்டு வழக்கம்தான். பொன்னி அரிசி கேட்டுப் பாசுமதி வந்து சேரலாம். ஆனால் கணக்கு காலியாகாது.

ஒவ்வொரு படியிலும் அனுமதி கேட்கும்படி வைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. நாற்பதாவது 'சம்மதமா?' வரும்போது யாரும் படிப்பதில்லை. விரல் தானாக அமுக்குகிறது. அழிப்பது, அனுப்புவது, பணம் கொடுப்பது போன்ற திரும்பப் பெற முடியாத காரியங்களுக்கு மட்டும் நிறுத்திக் கேட்டால் அந்தக் கேள்விக்கு ஒரு மரியாதை இருக்கும்.

அலுவலகங்களில் இடறுவது வேறு இடத்தில். ஏஜென்ட்டுக்கென்று, படிக்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் பிரிவுக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும். சொந்த பாஸ்வேர்டைக் கொடுக்க இரண்டு நிமிடம் போதும்.