உஷார்! முன் பிரேக் எந்தக் கையில்?

சைக்கிளில் ஏறும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். இடது பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளிப் பாருங்கள். எந்தச் சக்கரம் நிற்கிறது?

நம் ஊரில் பெரும்பாலும் வலது கை முன் சக்கரத்துக்கு, இடது கை பின் சக்கரத்துக்கு. பிரான்சில் இது தலைகீழ். நிதானமாகப் போகிறவரை வித்தியாசமே தெரியாது. குறுக்கே நாய் ஓடிவரும்போதுதான் தெரியும். பழகிய கை பின் பிரேக் என்று நினைத்து முன் பிரேக்கை இறுக்கிவிடும். பின் சக்கரம் தூக்கும், ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே போய் முகம் அடிபட விழுவார்.

வேறு ஊரில் இதை இவ்வளவு பதறிச் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியில் சொல்லியே ஆக வேண்டும். டிசம்பர் பிறந்தால் வாடகை சைக்கிள் எடுத்து வீதி வீதியாகச் சுற்றும் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பக்கம். 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்து, 'தாத்தா, சென்னை வரை சைக்கிளில் போய்விட்டு வருகிறேன்' என்று கிளம்புவது இன்னொரு பக்கம். அதே வீட்டிலிருந்து பாரிசுக்குப் போகிற நம் பிள்ளைகள், அங்கே அத்தை மகனின் சைக்கிளை வாங்கி ஓட்டுவது மூன்றாவது. மூவருக்கும் ஆபத்து ஒன்றுதான்: ஒரு நாட்டுச் சாலையில் பழகிய கையும் கண்ணும் அடுத்த நாட்டுச் சாலையில் நம்மை ஏமாற்றும்.

சென்னை போகும் சாலையில், காலாப்பட்டில் பல்கலைக்கழக வாசலைத் தாண்டி ஒரு வெள்ளைக்கார ஜோடி வடக்கே போய்க்கொண்டிருந்தது. பின்னால் பைகள் கட்டிய சைக்கிள்கள், தலையில் ஹெல்மெட், எல்லாம் ஒழுங்கு. எதிரே ஒரு பஸ், வேனை முந்துவதற்காக இவர்கள் பக்கம் முழுக்க ஏறி, லைட்டை அடித்துக்கொண்டே வந்தது. நமக்கு அது 'வருகிறேன், ஒதுங்கு' என்ற கட்டளை. முன்னால் போன பெண் கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டு நேராகவே மிதித்தார்! இங்கிலாந்து போன்ற இடங்களில் எதிரே வருபவர் லைட் அடித்தால் 'நீ போ' என்று வழி விடுகிறார் என எடுத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. பின்னால் வந்தவர் போட்ட கூச்சலில் அந்தப் பெண் மண்ணில் இறங்கிவிட்டார். பஸ் வேகம் குறையாமல் போயிற்று.

உங்கள் வீட்டில் வெளிநாட்டு விருந்தாளி தங்கியிருந்தால் இன்றைக்கே சொல்லி வையுங்கள். எதிரே லைட் அடித்தால் சாலையை விட்டு இறங்கு. பிரான்சில் சைக்கிளை முந்தும் வண்டி ஊருக்குள் 1 மீட்டரும் ஊருக்கு வெளியே 1.5 மீட்டரும் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். இங்கே அதை நம்பி மிதிக்கக் கூடாது. வெள்ளைக் கோட்டுக்கு இடப்புறம் சைக்கிளுக்கு என்றும் நினைக்கக் கூடாது. பைக் எதிர்த்திசையில் வருவதும், ஷேர் ஆட்டோ திடீரென்று நிற்பதும், கடல் மணல் படிந்து டயர் வழுக்குவதும் அங்கேதான். மாமல்லபுரம் வரை நாலுவழியாக்கும் வேலை நடக்கிற இடங்களில் அந்த ஓரம்கூடச் சட்டென்று முடிந்துவிடும்.

அனுபவசாலிக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறீர்களா? பீட்டர் ரூட், மேரி தாம்சன் என்ற பிரிட்டிஷ் தம்பதி 2011 ஜூலையில் கெர்ன்சி தீவிலிருந்து சைக்கிளில் கிளம்பினார்கள். ஐரோப்பா, மத்திய ஆசியா, சீனா எல்லாம் கடந்தார்கள். 2013 பிப்ரவரியில் தாய்லாந்தின் சாதாரணச் சாலை ஒன்றில் ஒரு பிக்கப் வண்டி மோதி இருவரும் இறந்தார்கள். வண்டிக்குள் கீழே விழுந்த தொப்பியை எடுக்கக் குனிந்ததாக ஓட்டுநர் சொன்னார். இன்டெல் இந்தியாவின் முன்னாள் தலைவர் அவதார் சைனி 2024 பிப்ரவரியில் நவி மும்பையில் இறந்ததும் இப்படித்தான். விடியற்காலை, கூடவே சைக்கிள் நண்பர்கள், பின்னாலிருந்து வந்து மோதிய டாக்சி. எத்தனை திறமை இருந்தாலும் முதுகில் கண் கிடையாது. அதனால் வலது ஹேண்டிலில் ஒரு கண்ணாடி, பட்டப்பகலிலும் மினுக்கும் சிவப்புப் பின்விளக்கு. ஹெல்மெட்டுக்குக் கொடுக்கும் காசைப் போலவே இதற்கும் கொடுங்கள். ஜோடியாகப் பேசிக்கொண்டு மிதிப்பதை ஊர் எல்லையோடு விடுங்கள்.

பிரான்சுக்குப் போகும் பிள்ளைகளே, உங்களுக்கும். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது தெரியும். பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முதல் உரிமை என்பது பலருக்குத் தெரியாது. சின்னச் சந்திலிருந்து வரும் கார் உங்களுக்காக நிற்காது. காதில் இயர்போன் மாட்டி ஓட்டினால் அபராதம். இருட்டிய பின் ஊருக்கு வெளியே ஒளிரும் மேலங்கி கட்டாயம். லாரி ஓட்டுநர் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பார். அவர் கண்ணுக்குப் படாத பக்கம் வலப்பக்கம், அதாவது நீங்கள் போகும் பக்கம். 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளில் 2021 முதல் இதற்கென எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அந்த ஸ்டிக்கரைப் பார்த்தால் பக்கத்தில் நுழையாதீர்கள்.

மறுபடி நம் சென்னைச் சாலைக்கு வருகிறேன். அடிபட்டால் என்ன செய்வது என்பதில் இங்கே தனிச் சிக்கல் உண்டு. வடக்கே போனால் கோட்டக்குப்பம் தமிழ்நாடு, காலாப்பட்டு புதுச்சேரி, அதைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. 108-ஐ அழைக்கும்போது ஊர்ப் பெயரையும் எதிரே தெரியும் கடை, கோயில் பெயரையும் சொல்லுங்கள். 'இது எங்கள் எல்லை இல்லை' என்று எந்தக் காவல் நிலையமும் புகாரைத் திருப்பி அனுப்ப முடியாது, ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லிக் கேளுங்கள். மோதிய வண்டியின் எண்ணைப் படம் எடுங்கள். சைக்கிளுக்குக் கட்டாய இன்ஷூரன்ஸ் இல்லை, அந்த வண்டியின் இன்ஷூரன்சில் நஷ்டஈடு கேட்கலாம். பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் 7 நாள் வரை, ரூ.1.5 லட்சம் வரை பணம் கட்டாமல் சிகிச்சை தரும் திட்டம் 2025-லிருந்து இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். வழியில் போகிறவர் தூக்கிவிட்டு உதவினால் அவர் மீது வழக்கு வராது, பெயரைச் சொல்லச் சொல்லியும் வற்புறுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் அதன்கீழ் வந்த விதிகளும் அப்படிச் சொல்கின்றன. தயங்கி நிற்காதீர்கள்.

கடைசியாக, ஞாயிறு மாலை. இங்கே குடித்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பும் கார்கள் அந்த நேரத்தில்தான் சாலையில் இறங்குகின்றன. புத்தாண்டை ஒட்டிய நாட்களில் எல்லா மாலையும் ஞாயிறு மாலைதான். அப்போது சைக்கிளை வெளியே எடுக்காதீர்கள். திங்கட்கிழமை சென்னையில் இருந்தே ஆக வேண்டும் என்றால் சைக்கிளைப் பார்சலில் போட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.