ஊசியும் உப்புநீரும்

எங்கள் பெரியம்மா மாடிப்படி இறங்குவதை ஒரு முறை பார்த்தால் போதும், முழங்கால் வலி என்னவென்று விளங்கிவிடும். கைப்பிடிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, பக்கவாட்டில் திரும்பி, வலிக்கிற காலை முதலில் இறக்கி, மற்ற காலை அதே படிக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். ஒரு மூச்சு வாங்கிவிட்டு அடுத்த படி. “தேய்மானம்னு சொல்லிட்டாங்கப்பா. மாத்திரை போட்டா வயிறு எரியுது. மூட்டு மாத்துற ஆபரேஷன்னா பயமா இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்லையா?”

நடுவில் நிறைய இருக்கிறது. கத்தி இல்லை, தையல் இல்லை, காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம் என்று சொல்லும் சிகிச்சைகள். எது உண்மையிலேயே வேலை செய்கிறது என்பதில்தான் சிக்கல்.

‘ஜவ்வு தேய்ந்துவிட்டது’ என்கிறோம். அந்தக் குருத்தெலும்புக்கு வலி உணரும் நரம்பே கிடையாது. வலிப்பது அதற்கு அடியில் இருக்கும் எலும்பும், மூட்டை உள்ளே போர்த்தியிருக்கும் சவ்வும், சுற்றியுள்ள தசைநார்களும். எக்ஸ்-ரேயில் மூட்டு மோசமாகத் தெரியும் ஒருவர் கிரிவலம் போய் வருவதும், படத்தில் லேசான தேய்மானம் உள்ளவர் கட்டிலைவிட்டு எழ முடியாமல் தவிப்பதும் இதனால்தான். தேய்ந்ததைத் தொடாமல் வலியை மட்டும் பிடிக்க முடியுமா என்ற யோசனை இங்கிருந்துதான் பிறந்தது.

முதல் வழி, நரம்பு. முழங்காலின் வலியை மேலே எடுத்துச் செல்லும் சிறு நரம்புகளில் மூன்றைக் குறிவைத்துச் சூடு வைப்பது. ரேடியோ ஃப்ரீக்வென்சி அப்லேஷன் என்பது இதுதான். மின்னலையின் வெப்பத்தில் நரம்பு கருகிவிடும். ஆனால் அதற்கு முன் ஒரு ஒத்திகை உண்டு: அதே இடங்களில் மரத்துப்போகும் மருந்தைப் போட்டு, நோயாளியை நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் அடுத்த கட்டம். சூடு வைக்கும் ஊசியை உரிய இடத்தில் நிறுத்தியபின் லேசாக மின்சாரம் கொடுத்து, கால் தசை துடிக்கிறதா என்றும் பார்ப்பார்கள். துடித்தால் ஊசி தவறான நரம்பருகே இருக்கிறது. இடம் மாற்ற வேண்டும். தென்கொரியாவில் 38 பேரிடம் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப் பேருக்கு ஊசியைக் குத்தினார்களே தவிர மின்னலையைச் செலுத்தவில்லை. 12 வாரம் கழித்து, சூடு வைத்தவர்களுக்கே வலி தெளிவாகக் குறைந்திருந்தது. நரம்பு மீண்டும் வளரும் என்பதால் நிவாரணம் நிரந்தரமல்ல. சில மாதங்கள், சிலருக்கு ஓராண்டு.

இரண்டாவது வழி, ரத்தக்குழாய். ஜப்பானிய மருத்துவர் யூஜி ஒக்குனோ தொடங்கிவைத்தது. அழற்சி கண்ட மூட்டுச் சவ்வில் புதிதாகச் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. கூடவே வலி நரம்புகளும் வளர்கின்றன. தொடை இடுக்கில் துளையிட்டு, மெல்லிய குழாயை முழங்கால் வரை செலுத்திச் சாயம் விட்டால், அந்த இடம் திரையில் மை கசிந்ததுபோல் தெரியும். அங்கே நுண்துகள்களை விட்டு அந்தக் குழாய்களை அடைக்கிறார்கள். ஒக்குனோ பயன்படுத்திய துகள் நீரில் எளிதில் கரையாத ஒரு ஆன்டிபயாடிக்! கிருமியைக் கொல்ல அல்ல, குழாயை அடைக்க.

கேட்கவே அழகான யோசனை. நானும் மயங்கித்தான் போனேன், ஹூஸ்டன் கதையைப் படிக்கும் வரை.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேருக்கு முழங்காலில் கேமரா விட்டுச் சுத்தம் செய்யும் சிகிச்சையைச் சோதித்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு நடந்தது வெறும் நாடகம். தோலைக் கீறி, கருவிகளைக் கேட்டு வாங்கி, காலை அப்படி இப்படி மடக்கி, மூட்டைக் கழுவும் சத்தம் கேட்க உப்புநீரைத் தெளித்து, தைத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தும், உண்மையான சிகிச்சை பெற்றவர்கள் இவர்களைவிட மேலாக இல்லை. 2002-இல் வந்த அந்த முடிவுக்குப் பிறகு, முழங்கால் விஷயத்தில் ‘எனக்குச் சரியாயிடுச்சு’ என்ற சாட்சியம் மட்டும் போதாது என்றாகிவிட்டது.

நம் ஊரில் பரபரப்பாக விற்கப்படும் பி.ஆர்.பி. ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து மூட்டில் போடுவது. ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் வலியிலும் வித்தியாசமில்லை, குருத்தெலும்பிலும் இல்லை. ஸ்டீராய்டு ஊசியை மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு ஆண்டுகள் போட்ட ஆய்வு இன்னும் மோசம்: வலியில் உப்புநீரை வெல்லவில்லை, குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்தது. எப்போதாவது வீக்கம் முற்றிய வேளையில் ஒன்று போடுவது வேறு; வழக்கமாக்கிக்கொள்வது வேறு.

ரத்தக்குழாய் அடைப்புக்கும் அதே சோதனை வந்தது. நெதர்லாந்தில் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டபோது, நான்கு மாதத்தில் இரண்டு தரப்பினருக்குமே வலி குறைந்தது; சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. யாருக்குப் பயன்படும் என்று தேடும் ஆய்வுகள் தொடர்கின்றன. இன்றைய நிலையில் லட்சம் செலவழித்துச் செய்துகொள்ளச் சொல்ல மாட்டேன். நரம்புச் சூடு இதைவிட ஒரு படி மேல். ஒத்திகையில் பலன் கண்டவர்கள், ஆபரேஷனைத் தாங்காத உடல் உள்ளவர்கள், தள்ளிப்போட நினைப்பவர்கள் யோசிக்கலாம்.

விளம்பரம் கொடுக்க ஆளில்லாத சிகிச்சை ஒன்று உண்டு: தொடைத் தசைக்கான பயிற்சி. 2020-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், ஓராண்டு முடிவில் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களைவிட பிசியோதெரபி செய்தவர்களே மேலாக இருந்தார்கள். எடையும் அப்படித்தான். ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மீதான சுமை நான்கு கிலோ குறைகிறது.

பெரியம்மா இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டிப் பத்து எண்ணி இறக்குகிறார். டிவி சீரியலில் விளம்பரம் வரும்போதெல்லாம். “இதுக்குப் போய் டாக்டரா?” என்று முணுமுணுப்பார், ஆனால் விடுவதில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு நரம்புச் சூட்டுக்கான ஒத்திகை பற்றி முடிவு செய்வதாக இருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் யாராவது புதுச் சிகிச்சைக்குப் பணம் கட்டப் போகிறார்களா? கட்டுவதற்கு முன் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: “டாக்டர், இதை உப்புத்தண்ணி ஊசியோட ஒப்பிட்டுப் பார்த்தாங்களா, என்ன வந்தது?”