பல்ப் வாங்க முன் எர்த்தைப் பாருங்கள்

கொழும்பில் சரக்கு ஏற்றும் நமது ஊர் லொறிகள் பெரும்பாலும் இரவில்தான் ஊர் திரும்புகின்றன. கண்டி - மஹியங்கனை வீதியின் வளைவுகளில் இறங்கி, மஹாஓயாக் காட்டுப் பாதையைத் தாண்டி, கடை திறக்க முன் கல்முனைக்கு வந்துவிட வேண்டும். அந்தப் பாதையில் பின்லைட் இல்லாத லொறி தனக்கும் ஆபத்து, பின்னால் வருபவருக்கும் ஆபத்து.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இல் மீண்டும் அனுமதி கிடைத்தாலும், வரியோடு சேர்த்து வரும் விலை சிறு வியாபாரிக்கு எட்டாதது. ஆகவே நம்மில் பலர் பழைய வாகனத்தையே ஓட்டுகிறோம். அதன் வயரிங்குக்கும் அதே வயதுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எனது பழைய டைனா லொறியில் பிரேக்கை மிதித்தால், வலப்பக்கத்து பிரேக் லைட்டுக்குப் பதிலாகச் சிக்னல் லைட் மங்கலாக எரிந்தது. கராஜ் ஒன்றில் முதலில் பல்ப் மாற்றினார்கள். அடுத்த கிழமை சுவிட்ச். அதன் பிறகு பிளாஷர். மூன்று தடவையும் காசு போனது, கோளாறு போகவில்லை. கடைசியில் பெருநாளைக்கு இரண்டு நாட்கள் இருக்கையில், துணிச் சரக்கோடு வரும்போது பின்லைட்டுகள் மொத்தமாக அணைந்தன. லொறியை ஓரங்கட்டி, விடியும்வரை காத்திருந்தேன். ஒரு காலை வியாபாரம் முழுவதும் கைநழுவிப் போனது.

ஊரில் வயரிங் வேலை செய்யும் தம்பி ஒருவர் பார்த்துவிட்டு, "காக்கா, பல்ப்ல ஒண்டும் இல்ல. எர்த்துதான் கறள் புடிச்சிருக்கு" என்றார். பெட்டரியின் மைனஸ் முனையிலிருந்து நீளமான வயர் ஒன்றை எடுத்து, பின்லைட்டின் எர்த் வயரில் தொட்டுக் காட்டினார். எல்லா லைட்டும் பளிச்சென்று எரிந்தன.

காரணம் இதுதான். பல்புக்கு மின்சாரம் வயர் வழியாகப் போகிறது. திரும்பி வருவது வாகனத்தின் இரும்பு உடல் வழியாக. எர்த் வயரைப் பூட்டிய இடத்தில் கறள் ஏறினால் அந்த வழி அடைபடும். அப்போது மின்சாரம் பக்கத்துப் பல்பின் வழியாகத் திரும்பப் பார்க்கும். அதனால்தான் ஒன்றை அமர்த்த இன்னொன்று மங்கலாக எரிகிறது. நமது கரையோரத்தின் உப்புக்காற்றில் இது சீக்கிரமே நடக்கும். மீன் ஏற்றும் வாகனங்களில் ஐஸ் தண்ணீரும் வடிவதால் இன்னும் மோசம்.

ஆகவே காசு கொடுக்க முன் இந்த ஒழுங்கில் பாருங்கள்.

ஒரு லைட் மட்டும் எரியவில்லையா? பல்பையும், அது பொருந்தும் சொக்கட்டில் பச்சை பிடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு பக்கச் சிக்னல் வேகமாக அடித்தால், பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் ஒரு பல்ப் போயிருக்கும். வாங்கும்போது உங்கள் வாகனம் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று கவனியுங்கள்.

இரண்டு பக்கமும் ஒன்றாக அணைந்ததா? முதலில் பியூஸ். பிரேக் லைட் என்றால் மிதிக்கு மேலுள்ள சுவிட்சையும் பாருங்கள்.

மங்கலாகவோ மாறியோ எரிகிறதா? எர்த்தைச் சந்தேகியுங்கள். அந்தத் தம்பி செய்த சோதனையைச் செய்யுங்கள். வயரை மைனஸ் முனையிலிருந்துதான் எடுக்க வேண்டும். பிளஸ் முனையிலிருந்து எடுத்து உடலில் பட்டால் தீப்பிடிக்கும்.

பியூஸ் திரும்பத் திரும்ப எரிகிறதா? எங்கோ வயர் உராய்ந்து இரும்பில் படுகிறது. பெரிய பியூஸ் போடுவதும், சிகரட் பெட்டித் தாளைச் சுற்றுவதும் பெரும் தவறு. வயர் எரிய முன் பியூஸ் எரிய வேண்டும் என்பதற்காகத்தான் அது இருக்கிறது. அதைத் தடுத்தால் எரிவது வயரும், அதற்கு மேலுள்ள உங்கள் சரக்கும்தான்.

எனது லொறியில் செய்த வேலை இவ்வளவுதான். போல்ட்டைக் கழற்றி, இரும்பு மினுங்கும்வரை சுரண்டி, இறுக்கிப் பூட்டி, மேலே கிறீஸ் பூசினார். அதற்குக் கொடுத்த கூலி, முதலில் நான் வீணாக்கிய காசில் ஒரு சிறு பங்குதான்.

சரக்கு எடுக்கப் புறப்படுமுன் ஒருவரைப் பின்னால் நிறுத்தி எல்லா லைட்டையும் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. கடையில் கல்லாவைப் பார்க்கும் அதே கவனத்தோடு இதையும் பார்த்தால், சரக்கும் வரும், ஆளும் வீடு வந்து சேர்வார்.