கிட்டப்பாவுக்கு ஒரு குளியல், சுப்ரபாதத்துக்கு வேறொன்று

பழைய இசைத்தட்டைக் கழுவ உட்காருமுன் ஒரு கேள்வி: இது பூச்சி தந்ததா, பிளாஸ்டிக்கா?

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு பழைய வீட்டின் பரணை ஒழித்தால் இரண்டும் கலந்தே கிடைக்கலாம். 1933-ல் மறைந்த பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது. கனமானது, கைதவறினால் உடைந்துபோகும். 1963-ல் வந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் எல்.பி. தட்டு, லேசாக வளையும். அது வினைல் பிளாஸ்டிக். முன்னதோ அவலரக்கு, அதாவது அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் பிசினைச் சுத்திகரித்தது. அதில் கல்மாவையும் கலந்தார்கள், காரணத்தோடுதான். தட்டு சுழலத் தொடங்கியதும் அந்த மாவு எஃகு ஊசியின் முனையைத் தேய்த்து, பள்ளத்துக்குப் பொருந்தும் வடிவுக்குக் கொண்டுவரும். ஒரு பக்கம் பாடி முடிந்தால் ஊசியைத் தூக்கி எறிய வேண்டியதுதான்!

வினைல் மேல் படிந்த விரல்ரேகை எண்ணெயை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சிறிது கலந்த நீர் எடுத்துவிடும். அதையே கிட்டப்பா மேல் ஊற்றினால் அழுக்கோடு பாட்டும் கரையும். தச்சர்கள் பாலிஷ் போட ஸ்பிரிட்டில் கரைப்பது இதே அரக்கைத்தானே.

எல்.பி.யின் ஒரு பக்கத்துப் பள்ளத்தை நீட்டினால் சுமார் 430 மீட்டர் வரும். அகலமோ ஏறத்தாழ 50 மைக்ரான், தலைமுடியைவிடக் குறுகல். வெறும் நீர் தன் பரப்பு இழுவிசையால் திரண்டு நிற்கும், உள்ளே இறங்காது. வாசனை சேர்க்காத சோப்புத் திரவம் ஒரு துளி விட்டால் அந்த இழுவிசை தளர்ந்து நீர் அடிவரை போகும். உலர்ந்த துணியால் தேய்ப்பது மட்டும் வேண்டாம். அதில் பிறக்கும் நிலைமின்சாரம் புதுத் தூசியை அழைத்துவரும்.

எந்த நீர் என்பதும் முக்கியம். அம்பத்தூர் போர் தண்ணீர் வாளியில் வெள்ளையாகப் படிய விடும் உப்பு, பள்ளத்திலும் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே போதும். கழுவிய நீரைத் தட்டிலேயே காயவிட்டால் கரைந்த அழுக்கு மறுபடி அங்கேயே ஒட்டிக்கொள்ளும் என்பதால், சில இயந்திரங்கள் அதை உறிஞ்சி எடுக்கின்றன.

இன்னொரு வகை, காதுக்கு எட்டாத ஒலியால் கழுவுகிறது. வினைல் தட்டைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, நடுவிலுள்ள காகித லேபிள் நனையாதபடி நீரில் மெல்லச் சுழற்றுவார்கள். நொடிக்கு 40,000 முறை அதிரும் ஒலி, நீரில் நுண்குமிழிகளை உண்டாக்கி உடனே நசுக்கும். இதற்குக் குழிவாதல் என்று பெயர். தூரிகை எட்டாத பள்ளத்தில் ஒட்டியிருக்கும் துகளைப் பெயர்ப்பது அந்தக் குமிழி நசுங்கும் வேகம்தான்.

இத்தனைக்குப் பிறகும் கரகரத்தால்? அது அழுக்கல்ல, தேய்மானம், கழுவிப் பயனில்லை. ஆனால் பழைய ஊசி தேய்த்தது பள்ளச் சுவரின் ஒரு மட்டத்தை மட்டுமே. ஆவணக் காப்பகங்களில் வெவ்வேறு பருமனுள்ள ஊசிகளை வைத்திருப்பார்கள். சற்றுப் பெரியதோ சிறியதோ மாற்றிப் போட்டால், இதுவரை எந்த ஊசியும் தொடாத உயரத்திலிருந்து அதே பாட்டைப் படிக்கலாம்.